வெளியே வராத மீன்கள்

என் மனைவிக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. நான் வாங்கி வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டிதான் அதற்குக் காரணம் என்று எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். அவளும் அப்படித்தான் சொல்லி வந்தாள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அதை மறுத்ததில்லை. அந்தப் பெட்டி அவள் கண்ணை ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். செய்தவன் நான்.

ஈப்போவில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் கண் பற்றிய பாடம் வரும்போது மாணவர்களிடம் இரண்டு பென்சில்களைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் சொல்வேன். தொடாது. ஒன்று மற்றதைத் தாண்டிப் போகும். வகுப்பு சிரிக்கும். இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன, அந்த வேறுபாட்டை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கணிக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்குவேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். வீட்டில் இருந்த ஒருத்திக்குச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, கடையில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். ஒரு பந்து திரையை விட்டு வெளியே வந்து என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். நான் சாயவில்லை. காரணம் தெரிந்தவன் என்ற பெருமை. அன்றே வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்கு எத்தனை நிபந்தனைகள் என்று தெரிந்தது. திரைக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். தலையைச் சாய்த்தால் படம் இரண்டாகப் பிரியும், ஆகவே படுத்துக்கொண்டு பார்க்க முடியாது. பெட்டியோடு வந்தது இரண்டே கண்ணாடி. இன்னும் இரண்டைத் தனியாக வாங்கினேன். அவற்றுக்கு மின்னூட்ட வேண்டும், மறந்தால் பாதிப் படத்தில் அணைந்துபோகும். கண்ணாடியின் இரண்டு பக்கமும் மாறி மாறி மூடித் திறப்பதால் படம் மங்கித் தெரியும். கூடத்துக் குழல்விளக்கு எரிந்தால் அந்தக் கண்ணாடி வழியாக விளக்கு துடிப்பதும் தெரியும், எரிச்சலாக இருக்கும். இவை குறைகளாக எனக்குப் படவில்லை. பாடம் போலத் தோன்றின. அளந்து பார்த்து, நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டினேன். சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை தைக்கக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அதை இழுத்துவிட்டால் கூடம் குகையாகிவிடும். வெளியே ஈப்போ வெயிலில் சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

முதல் ஞாயிறு, சிலிம் ரிவரிலிருந்து என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். எண்ணெய்ப்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். கடலடி மீன்களைப் பற்றிய ஒரு வட்டைப் போட்டேன்.

"அலாமாக்! மச்சான், மூக்குல முட்டுதுலா!" என்று அவன் கையை வீசினான். "இத வெட்டிக் கொழம்பு வச்சா பத்து பேரு சாப்பிடலாம்."

"புடிச்சா கொண்டா, நான் ஆய்ஞ்சு தாரேன்" என்றாள் அவன் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் தன் மூக்குக்கண்ணாடியின் மேல் மாட்டிய அந்தக் கனத்த கண்ணாடியை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

"உனக்கு வருதா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வெளிய வரலிங்க. எப்பவும் போலத்தான் இருக்கு. கொஞ்சம் இருட்டா இருக்கு, அவ்ளோதான்."

"கண்ணை இறுக்காம, தளர விட்டுப் பாரு."

"தளரத்தான் விட்டிருக்கேன்."

"பாக்கத் தெரியல உனக்கு" என்றேன். தம்பி குடும்பத்தின் முன்னால் சொன்னேன். அவள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், ஆறாம் வகுப்போடு நின்றவள். நான் சொன்னதில் அதுவும் இருந்தது. அவளுக்கு அது கேட்டிருக்கும்.

இரண்டு மூன்று ஞாயிறுகளில் அவள் பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். மீன் வரும்போது மற்றவர்களோடு சேர்ந்து "ஐயோ" என்றாள். ஒரு முறை கையைக்கூட நீட்டினாள். "பாத்தியா, இப்ப வந்துருச்சு" என்று நான் மெச்சிக்கொண்டேன். அவள் எங்கள் சத்தத்தைக் கேட்டு அதற்குப் பின்னால் அரை நொடி தாமதித்துத்தான் கத்தினாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அரை நொடியை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, என் பெட்டி வேலை செய்கிறது என்று நம்புவது வசதியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பிறகு தலைவலி தொடங்கியது. ஞாயிறு மாலைகளில் இடது கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்பாள். சில சமயம் குமட்டும். "அங்கின் ஏறிடுச்சு" என்று நெற்றியில் காற்றுத் தைலம் தேய்த்துக்கொள்வாள். எங்கள் பக்கம் எந்த வலிக்கும் முதல் குற்றவாளி காற்றுதான். அதற்கு மலாய்ச் சொல்லைத்தான் சொல்வோம். ஒரு மாலை திரைச்சீலையை விலக்கி விளக்கைப் போட்டதும், அவள் குழல்விளக்கை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, லைட்டு கோட்டை கட்டியிருக்கு."

நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும் என்பார்கள். அவள் வளர்ந்த தோட்டத்தில் மழை என்றால் மறுநாள் பால் மரம் வெட்டு இல்லை, கூலி இல்லை. ஆகவே அந்த வட்டத்தைப் பார்க்காத வீடு இருக்காது. அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான்.

"அப்ப நாளைக்குக் கூடத்துல மழை பெய்யும்னு சொல்லு" என்றேன்.

"வெளையாடாதீங்க. கலர் கலரா வட்டம் தெரியுது. பெரிய ஆஸ்பத்திரில ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வருவோமா?"

நான் பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்து வந்தேன். முப்பரிமாணப் படம் பார்க்கிற சிலருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் சோர்வு வரலாம் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. விரலை வைத்து வரி வரியாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காரணத்தையும் விளக்கினேன். மீன் மூக்குக்கு முன்னால் தெரிகிறது, ஆகவே கண்கள் இரண்டும் அதை நோக்கி உட்பக்கமாகத் திரும்புகின்றன. ஆனால் ஒளி வருவது திரையிலிருந்து, கண்ணின் வில்லை அங்கேதான் குவிய வேண்டும். ஒரே நேரத்தில் கிட்டவும் எட்டவும் பார்க்கச் சொன்னால் கண் என்ன செய்யும், களைத்துப்போகும். அவ்வளவுதான், நோய் இல்லை என்றேன். இன்றைக்கும் அந்த விளக்கத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் சரி. அவளுடைய வலிக்கு அது காரணம் இல்லை, அது ஒன்றுதான் தவறு. அதே பக்கத்தில், இப்படி வந்தால் பார்ப்பதை நிறுத்துங்கள் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை நான் வாசிக்கவில்லை.

அவள் விடாமல் கேட்டதால் எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே இருந்த ஒரு சிறு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே மருத்துவராக இருந்தவன் என் பழைய மாணவன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். "சார், நீங்க ஏன் வரிசைல ஒக்காந்தீங்க?"

அவன் அவளிடம்தான் கேட்டான், "என்ன செய்யுது ஆன்ட்டி?" அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். முப்பரிமாணத் திரை, கண் குவியும் தூரம், திரும்பும் கோணம். பாடமே எடுத்துவிட்டேன். அவன் "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையாட்டினான். நடுவில் அவள் என் சட்டைக் கையை இழுத்து, "அந்தக் கோட்டையச் சொல்லுங்க" என்றாள். தோட்டத்துப் பேச்சை என் மாணவனிடம் மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "அதெல்லாம் சொல்லியாச்சு" என்றேன். சொல்லவில்லை. அவன் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தனக்குக் கண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதிய சத்தம் கேட்கத் தொடங்கியது. தேத்தண்ணி ஊற்றும்போது கூஜாவின் மூக்கைக் குவளையின் விளிம்பில் 'டங்' என்று முட்டவைத்துவிட்டு அப்புறம்தான் ஊற்றுவாள். "குவளையெல்லாம் ஒடஞ்சு போகும்" என்று எரிந்து விழுந்தேன். அடுத்த முறை வந்த அவள் தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அடுப்படிக்குப் போனதும் கேட்டான்.

"மச்சான், அக்காவுக்குக் கண்ணுல ஏதோ இருக்கு. கைய வச்சுத் தடவித் தடவி ஊத்துது."

"சில பேருக்குப் பொறவியிலயே ஆழம் பாக்கத் தெரியாதுப்பா. உங்க அக்கா அந்த வகை. அதனாலதான் படமும் வெளிய வரல."

அவன் குவளையைக் கீழே வைத்தான். "யாருக்கு? அக்காவுக்கா? பதினாறு வயசுல அக்கா வெட்டின பால் மரத்துல ஒரு காயம் காட்டுங்க பாப்போம். பட்டைய மட்டும் சீவணும், ஒரு மயிரிழை உள்ள போனா கட்டைல காயம் விழும். வேலை வாங்குற மண்டோரு அக்கா மரத்தக் காட்டித்தான் மத்தவங்களத் திட்டுவாரு. அதுக்கா ஆழம் தெரியாது?"

"அது கைப்பழக்கம்."

"என்ன மச்சான் நீங்க! கைக்கு யாரு சொன்னா, கண்ணுதானே?"

"நீ லாரி ஓட்டு. இத எங்கிட்ட விடு."

அவன் சிரித்தான், ஆனால் முகம் சிவந்துவிட்டது. பிறவியில் இருந்த ஒன்று இப்போது இல்லை என்றால் நடுவில் எப்போதோ போயிருக்கிறது. ஒரு பள்ளி மாணவன் எட்டிவிடக்கூடிய முடிவு. லாரி ஓட்டுகிறவன் அதை என் கையில் வைத்தான். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு. புது வட்டு ஒன்று வந்திருந்தது. அவள் வரவில்லை என்றாள். "தனியாப் பாக்க நல்லாயிருக்காது, வா" என்று வற்புறுத்தி உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரம் இருட்டில் இருந்திருப்போம். திடீரென்று கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அங்கேயே வாந்தி எடுத்தாள். கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. "உள்ள யாரோ கட்டைவிரல வச்சு அமுக்குறாப்புல இருக்குங்க" என்று அழுதாள். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில், பிரசவத்தில்கூட, அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

நான் தைலம் தேய்த்தேன். தலைவலி மாத்திரை கொடுத்தேன். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று, அந்தத் தடித்த திரைச்சீலையைத் திறக்காமல், இருட்டிலேயே படுக்க வைத்தேன். மறுநாளும் அப்படியே. இரண்டாம் நாள், பகல் வெளிச்சத்தில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என் முகத்துக்கு நேரே பார்த்து, "நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டபோதுதான் கார் சாவியை எடுத்தேன்.

பெரிய மருத்துவமனையில் அவளுக்கு உடனே ஊசி போட்டு, கண்ணில் மருந்து விட்டார்கள். கண் மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. என்னை வெளியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் விசாரித்தார். வலி இருட்டில் இருக்கும்போது வருமா? விளக்கைச் சுற்றி வண்ண வட்டம் தெரிவதாக எப்போதாவது சொன்னாரா?

சொன்னாள் என்றேன். எப்போது என்று கேட்டார். ஐந்தாறு மாதம் முன்னால் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, எழுதுவதற்குக் குனிந்துகொண்டார்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற வழி அவளுக்குக் குறுகலாக அமைந்திருந்தது. இருட்டில் கண்ணின் பாவை விரியும்போது அந்த வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கியிருக்கிறது. பெட்டி வருவதற்கு முன்பே அது மெல்லத் தொடங்கியிருந்ததால்தான் முதல் நாளே மீன் அவளுக்கு வெளியே வரவில்லை; பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி முறை அடைபட்ட வழி திறக்கவே இல்லை. முப்பரிமாணப் படம் எதுவும் செய்யாது, இருட்டு அறைதான் தூண்டியிருக்கும் என்றார். முதல் தடவை வட்டம் தெரிந்தபோதே வந்திருந்தால் லேசர் கதிரால் சின்னத் துளை ஒன்று போட்டிருப்போம், ஐந்து நிமிட வேலை என்றார். வலது கண்ணுக்கு அதைச் செய்தார்கள். அந்தக் கண் இன்றும் இருக்கிறது.

வீடு திரும்பியதும் அவள் தம்பியிடம் சொன்னாள், "அந்தப் பொட்டி என் கண்ண எடுத்துக்கிச்சுடா." அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான். அந்தப் பேச்சு உறவு முழுக்கப் பரவியது. சில ஆண்டுகளில் கடைகளில் அந்த வகைப் பெட்டிகளே வராமல் போயின. கண்ணாடி மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார யாருக்கும் பொறுமை இல்லை, அதற்கென்று படங்களும் இல்லை. "பாத்தீங்களா சார், கண்ணக் கெடுக்குதுன்னுதான் நிப்பாட்டிட்டான்" என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்கும் நான் "ஆமாம்" என்றேன். தவறான அறிவியலை நான் திருத்தாமல் விட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சென்ற ஆண்டு உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போனோம். மறுநாள் காலை, ஒரு கட்டடத்தின் மூலையில் மடித்து வைத்த மாதிரி ஒரு பெரிய திரை. அதிலிருந்து ஒரு யானை தும்பிக்கையைத் தெருவுக்கு நீட்டியது. கண்ணாடி எதுவும் வேண்டாம். கூட்டம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். "ஏங்க! வருதுங்க! வெளிய வருது!"

நடிக்கவில்லை. யாரும் கத்துவதற்கு முன் கத்தினாள். எனக்குக் காரணம் தெரியும். அது படம் வரையும் கோணத்தால் செய்கிற ஏமாற்று. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் பலிக்கும், அதற்கு ஒரு கண்ணே போதும், சொல்லப்போனால் ஒரு கண்ணுக்குத்தான் இன்னும் நன்றாகப் பலிக்கும். அவள் சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, பக்கத்தில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம், "எங்க வீட்டுலயும் இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சுமா. எனக்கு ஒரு நாளும் வரல. கண்ணத்தான் தின்னுட்டுப் போச்சு" என்றாள். அந்தப் பெண் பதறிப்போய்க் குழந்தையின் கண்ணைப் பொத்தி அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனாள். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதது.

அன்று பிற்பகல் ஈப்போ ரயிலில் அவளிடம் சொல்லிவிட்டேன். ரயில் சிலிம் ரிவரைத் தாண்டி எண்ணெய்ப்பனை வரிசைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. பெட்டி இல்லை, இருட்டு. இருட்டை உண்டாக்கியவன் நான். கிளினிக்கில் நீ சொன்னதை நான் சொல்லவில்லை. நீ கேட்ட அன்றே மருத்துவமனைக்குப் போயிருந்தால் கண் இருந்திருக்கும். டாக்டர் எல்லாம் சொன்னார், உன்னிடம் மறைத்துவிட்டேன்.

அவள் மடியில் இருந்த கல்யாணப் பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து, பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள்.

"நீங்க மருந்து வாங்கப் போனீங்கள்ல, அப்ப அந்த டாக்டரம்மா வந்து எங்கிட்டயும் சொன்னா. மலாய்லதான். 'கெலாப், கெலாப்'னு நாலு தடவ சொன்னா. கெலாப்னா இருட்டுன்னு எனக்குத் தெரியாதா?"

லட்டை வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு கேட்டேன். "அப்பறம் ஏன் இத்தனை வருஷமா அந்தப் பொட்டியத் திட்டின?"

"பொட்டியத் திட்டினா அது பேசாம இருக்கும்" என்றாள். "உங்களத் திட்டினா வெளக்கம் சொல்லுவீங்க. அத வேற யாரு கேக்குறது?"

கோபமாகச் சொல்லவில்லை. நெடுநாளாகப் பழகிப்போன ஒரு வீட்டு ஏற்பாட்டைச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு லட்டுத் துகளைச் சேலையிலிருந்து தட்டிவிட்டாள்.

அப்போதும் என் வாயில் ஒரு விளக்கம் இருந்தது. அன்று நான் ஏன் அப்படி நினைத்தேன், கையேட்டில் இருந்த அறிகுறிகளும் அவளுடைய அறிகுறிகளும் எப்படி ஒன்று போலவே இருந்தன, யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று. நல்ல விளக்கம். அதில் பிழை ஒன்றும் இல்லை. வாயில் இருந்த லட்டோடு சேர்த்து அதை மெல்ல விழுங்கினேன். தஞ்சோங் மாலிமில் ஏறிய யாரோ எதிரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஈப்போ வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.